கசுவோ இஷிகுரோ: வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இஷிகுரோவின் ஏதாவது ஒரு நாவலை முடித்தவர்கள் அநேகமாக இப்படித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள்: "பெரிசா ஒண்ணும் நடக்கலையே, அப்புறம் ஏன் மனசு இப்படிக் கனக்குது?" அதற்கு அடுத்து வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கதையின் முடிச்சை அவிழ்க்கும் இடங்களில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். படிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1954 நவம்பர் 8 அன்று ஜப்பானின் நாகசாகி நகரில் பிறந்தவர். ஐந்து வயதில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்தார், அங்கேயே தங்கிவிட்டார். எழுதுவது ஆங்கிலத்தில். 1982 முதல் 2021 வரை எட்டு நாவல்கள், ஒரு சிறுகதைத் தொகுப்பு. 1989-இல் புக்கர் பரிசு, 2017-இல் இலக்கிய நோபல், 2018-இல் சர் பட்டம். நாற்பது வருடத்தில் ஒன்பது புத்தகம் என்பது அவர் அளவு புகழ் உள்ளவருக்கு ரொம்பக் குறைவு. விடுமுறை இரண்டு வாரம் கிடைத்தால் எல்லாவற்றையும் படித்துவிடலாம். ஆனால் அப்படிப் படிக்காதீர்கள், ஒன்றோடொன்று கலந்துவிடும்.

ஜப்பானிய எழுத்தாளர் என்பதா, பிரிட்டிஷ் எழுத்தாளர் என்பதா?

பிரிட்டிஷ். 1983-இல் குடியுரிமையும் வாங்கிவிட்டார். ஜப்பானிய மொழி அவருக்கு எழுத வராது. பெற்றோரிடம் பேசியது ஒரு சின்னப் பையனின் ஜப்பானியம், நடுநடுவே ஆங்கிலம் கலந்தது. 1960-இல் நாகசாகியை விட்டவர், 1989-இல்தான் மறுபடி ஜப்பான் மண்ணை மிதித்தார். இடையில் 29 வருடம். அதற்குள் ஜப்பானைக் களமாக வைத்து இரண்டு நாவல்களை எழுதி வெளியிட்டும்விட்டார்.

இது எப்படிச் சாத்தியம் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். குடும்பம் இங்கிலாந்தில் நிரந்தரமாகத் தங்க வரவில்லை. ஓரிரு வருடத்தில் திரும்பிவிடலாம், அடுத்த வருடம் திரும்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பையன் ஊருக்குப் போனால் தடுமாறக் கூடாதே என்று ஜப்பானிலிருந்து மாதாமாதம் ஒரு பார்சல் வரும். குழந்தைகள் பத்திரிகை, படக்கதை, பாட விஷயங்கள் எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்கு வெளியே அவன் தேவாலயப் பாடகர் குழுவில் பாடும் ஆங்கிலப் பையன். வீட்டுக்குள் வேறு சாப்பாடு, வேறு மரியாதை, வேறு மொழி. இப்படி அவன் மனதுக்குள்ளேயே ஒரு ஜப்பான் வளர்ந்தது. இருபதுகளில்தான் அவருக்கு உறைத்தது: அந்த ஜப்பான் வரைபடத்தில் எங்கும் இல்லை, வருடம் ஏற ஏற மங்கிக்கொண்டும் இருக்கிறது. அழிந்துபோவதற்குள் காகிதத்தில் இறக்கி வைத்துவிட வேண்டும் என்ற பதற்றமே தன்னை எழுத வைத்தது என்று நோபல் உரையில் சொல்லியிருக்கிறார். புலம்பெயர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அப்பா என்ன வேலையாக இங்கிலாந்து வந்தார்?

ஷிசுவோ இஷிகுரோ கடலியல் அறிஞர். 1953 தொடக்கத்தில் வட கடல் பொங்கி இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். நெதர்லாந்தில் 1,800 பேருக்கும் மேல். அடுத்த முறை கடல் எப்போது, எவ்வளவு உயரும் என்று முன்னதாகக் கணிக்க பிரிட்டன் விரும்பியது. ஷிசுவோ உருவாக்கிய மின்னணு இயந்திரம் வட கடலையே மின்சுற்றுகளாக மாற்றி வைத்த மாதிரி. தண்ணீருக்குப் பதில் மின்னோட்டம். அந்த இயந்திரம் இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் கணிதக் கூடத்தில் இருக்கிறது. மகனின் கையெழுத்துப் பிரதிகளும் குறிப்புகளும் அமெரிக்காவில், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையத்தில் இருக்கின்றன. அப்பாவும் பிள்ளையும் ஆளுக்கொரு காப்பகத்தில்.

அம்மா ஷிசுகோ நாகசாகி அணுகுண்டுத் தாக்குதலில் உயிர் தப்பியவர். 2019-இல் காலமானார். 'கிளாரா அண்ட் தி சன்' நாவலை அவர் நினைவுக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறார்.

எழுத்தாளர் ஆக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசையா?

இல்லை. பாட்டுக்காரர் ஆக வேண்டும் என்றுதான் ஆசை. பாப் டிலன்தான் கடவுள். கிதாரோடு அமெரிக்காவிலும் கனடாவிலும் வழியில் போகிற வண்டிகளில் ஏறி ஊர் சுற்றினார், பாடல்களைப் பதிவு செய்து கம்பெனிகளுக்கு அனுப்பினார், யாரும் எடுக்கவில்லை. 2016-இல் டிலனுக்கு இலக்கிய நோபல், மறு வருடமே இவருக்கு. இந்த வரிசையை எந்த நாவலாசிரியர் எழுதியிருந்தாலும் மிகை என்று சொல்லியிருப்போம்.

நடுவில் செய்த வேலைகளைக் கேட்டால் சிரிப்பு வரும். ஸ்காட்லாந்தின் பால்மோரல் எஸ்டேட்டில் ராணியம்மாவின் வேட்டைக்காகப் புதருக்குள்ளிருந்து பறவைகளைக் கிளப்பி விடும் ஆளாக இருந்தார். பிறகு கென்ட் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் தத்துவமும். லண்டனில் வீடற்றவர்களுக்கு உதவும் அமைப்பில் வேலை. அங்கேதான் லோர்னா மெக்டூகலைச் சந்தித்தார், 1986-இல் கல்யாணம். மகள் நவோமியும் எழுத்தாளர்.

1979 இலையுதிர் காலத்தில் முதுகுப் பை, கிதார், ஒரு சின்ன டைப்ரைட்டர் மூன்றோடும் நார்ஃபோக்கில் பக்ஸ்டன் என்ற கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகத்தின் புனைவெழுத்து வகுப்பில் இடம் கிடைத்திருந்தது; மால்கம் பிராட்பரி நடத்திய வகுப்பு அது, ஏஞ்சலா கார்ட்டரும் ஆசிரியர். தோளைத் தொடும் முடி, கொள்ளைக்காரன் மாதிரி தொங்கு மீசை என்று தன் அன்றைய கோலத்தை அவரே பின்னால் வர்ணித்திருக்கிறார். அந்த வாடகை அறையில் உட்கார்ந்துதான், கொஞ்சமும் திட்டமில்லாமல், குண்டு விழுந்த பிறகான நாகசாகியைப் பற்றி எழுத ஆரம்பித்தார்.

எந்த நாவலிலிருந்து தொடங்கலாம்?

'தி ரிமெயின்ஸ் ஆஃப் தி டே'. 1989-இல் வந்தது, புக்கர் வாங்கியது. சில பேர் 'நெவர் லெட் மீ கோ'விலிருந்து தொடங்கச் சொல்வார்கள், வேகமாக ஓடும் என்று. அதுவும் சரிதான். ஆனால் இஷிகுரோ என்ன செய்கிறார் என்பது முதலாவதில்தான் வெட்டவெளிச்சமாகத் தெரியும்.

ஒரு பட்லரின் கதையில் என்ன இருக்கிறது?

நம் பக்கத்தில் 'பட்லர் இங்கிலீஷ்' என்ற சொல் இன்னும் மிச்சமிருக்கிறது. மெட்ராஸில் துரை வீட்டு வேலைக்காரர்களின் தலைவரைப் பட்லர் என்றார்கள். அவர்கள் பேசிய ஆங்கிலம் கேலிக்குப் பெயராகிவிட்டது. இங்கிலாந்துப் பெரிய வீட்டு பட்லர் வேறு ரகம். மாளிகையின் வேலையாட்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். ஆங்கிலம் எஜமானனை விடச் சுத்தமாக இருக்கும்.

ஸ்டீவன்ஸ் அப்படிப்பட்ட ஒருவர். 1956 ஜூலையில், புது அமெரிக்க முதலாளி காரைக் கொடுத்து ஊர் சுற்றிவிட்டு வா என்கிறார். பழைய சக ஊழியை மிஸ் கென்டனைப் பார்க்க ஸ்டீவன்ஸ் கிளம்புகிறார்; வேலைக்குத் திரும்பி வருவாரா என்று கேட்கத்தானாம். ஆறு நாள் பயணம். வழியெல்லாம் அவர் யோசிப்பது 'கண்ணியம்' என்றால் என்ன, சிறந்த பட்லர் யார், வெள்ளிப் பாத்திரத்தை எப்படிப் பளபளப்பாக வைப்பது. நமக்கோ வேறொன்று தெரிந்துகொண்டே வருகிறது. அவர் உயிரைக் கொடுத்து உழைத்த லார்டு டார்லிங்டன், 1930-களில் ஹிட்லரின் ஆட்களுக்கு விருந்து வைத்தவர்.

ஒரு காட்சி மட்டும் சொல்கிறேன். மாளிகையில் சர்வதேச மாநாடு. மாடி அறையில் ஸ்டீவன்ஸின் அப்பா சாகக் கிடக்கிறார். அவரும் அதே வீட்டில் வேலைக்காரர். மகன் கீழே மதுக் கோப்பைகளை நிரப்பிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதெல்லாம் வேலை விவரம்தான்: யாருக்கு என்ன வேண்டும், யாருக்குக் கால்வலி. திடீரென்று ஒரு விருந்தாளி, "ஸ்டீவன்ஸ், உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று கேட்கிறார். கொஞ்சம் கழித்து எஜமானரும், நீ அழுகிறாய் போலிருக்கிறதே என்கிறார். ஸ்டீவன்ஸ் சிரித்து, கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாள் முழுக்க வேலை, அதுதான் என்கிறார். தான் அழுததாக அவர் எந்த வரியிலும் நம்மிடம் சொல்லவில்லை. மற்றவர் கேட்டதை வைத்துத்தான் நமக்கே தெரிகிறது.

இஷிகுரோவின் வித்தை முழுக்க இதுதான். கதை சொல்பவர் பொய் சொல்வதில்லை. தன்னிடமே சொல்லிக்கொள்ளத் துணியாததை நம்மிடமும் சொல்வதில்லை. அந்த இடைவெளியில் ஏதோ இருக்கிறது என்று வாசகர்தான் கை விட்டுத் துழாவ வேண்டும்.

இன்னொரு மௌனமும் உண்டு. 1956 ஜூலை என்பது எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கிய மாதம். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் கம்பீரம் ஊரறிய உடைந்த வருடம். நாவலில் சூயஸ் என்ற பெயரே வராது. தேதி மட்டும் மேலே போட்டிருக்கும்.

அந்த நாவலை நான்கே வாரத்தில் எழுதினார் என்பது உண்மையா?

பாதி உண்மை. 1987 கோடையில், முந்தைய நாவலுக்குக் கிடைத்த புகழால் அழைப்புகளும் விருந்துகளும் குவிந்து எழுத்து நின்றுபோயிருந்தது. அவரும் மனைவியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: நான்கு வாரம், திங்கள் முதல் சனி வரை, காலை ஒன்பதிலிருந்து இரவு பத்தரை வரை எழுத்து மட்டும். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு. கடிதம் பார்ப்பதில்லை, போனை எடுப்பதில்லை, வீட்டுக்கு யாரும் வருவதில்லை. அவர் பங்கு சமையலையும் வீட்டு வேலையையும் லோர்னாவே பார்த்துக்கொண்டார். (எழுத்தாளர்களின் தவத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வரி பெரும்பாலும் விட்டுப்போகும்.)

ஆனால் அதற்கு முன்பே பட்லர்களைப் பற்றியும் இரண்டு போருக்கு இடைப்பட்ட அரசியல் பற்றியும் மாதக்கணக்கில் படித்து முடித்திருந்தார். நான்கு வாரத்தில் வந்தது குண்டும் குழியுமான முதல் வடிவம். நாவல் முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகு, டாம் வெயிட்ஸ் பாடிய ஒரு பாட்டைக் கேட்டார். ஒரு முரட்டு ஆள், தூங்கும் காதலியை விட்டுப் போகும்போது நெஞ்சு உடைந்து பாடும் பாட்டு. அதைக் கேட்ட பிறகு, கடைசிவரை இறுகியே இருந்த ஸ்டீவன்ஸை ஒரே ஓர் இடத்தில், ஒரு கணம் மட்டும், உடைய விடலாம் என்று மனம் மாறினார். அந்த இடம் எது என்று படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

படம் பார்த்தால் போதுமா?

1993-இல் ஜேம்ஸ் ஐவரி இயக்கிய படம் நல்ல படம். ஆந்தனி ஹாப்கின்ஸ், எம்மா தாம்சன். எட்டு ஆஸ்கார் பரிந்துரை, ஒன்றும் கிடைக்கவில்லை. திரைக்கதை ரூத் பிராவர் ஜாப்வாலா. தில்லியில் பல காலம் வாழ்ந்தவர், அவருக்கும் 1975-இல் புக்கர் கிடைத்தது. ஆனால் படத்தில் ஹாப்கின்ஸின் முகம் நமக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. புத்தகத்தில் முகம் கிடையாது, அந்த விறைப்பான வாக்கியங்கள் மட்டும்தான். ஆகவே புத்தகம் முதலில்.

ஜப்பானியக் களத்து நாவல்கள் எப்படி?

'எ பேல் வியூ ஆஃப் ஹில்ஸ்' (1982) பற்றிக் கடைசிக் கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன். 'ஆன் ஆர்ட்டிஸ்ட் ஆஃப் தி ஃப்ளோட்டிங் வேர்ல்ட்' (1986) தமிழ் வாசகர்களுக்குச் சட்டென்று பிடிபடும் என்பது என் அனுபவம், காரணம் அதில் ஒரு கல்யாணப் பேச்சு நடக்கிறது.

ஓனோ என்ற ஓய்வு பெற்ற ஓவியர். போர்க்காலத்தில் ஏகாதிபத்தியப் பிரச்சாரத்துக்காக வரைந்தவர். போர் தோற்றுப்போயிற்று. இப்போது இளைய மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். போன வருடம் ஒரு சம்பந்தம் கடைசி நேரத்தில் கைவிட்டுப் போயிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ஆள் வைத்து விசாரிப்பார்களே, அப்போது அப்பாவின் பழைய கதை வெளியே வந்துவிடுமோ என்று பெண்கள் பயப்படுகிறார்கள், ஆனால் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "அப்பா, முன்னெச்சரிக்கையாகச் சில பேரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் நல்லதில்லையா" என்று சுற்றி வளைத்துத்தான் பேசுவார்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரியே இருக்கும்.

இதிலும் ஒரு பின்னல். ஓனோ தன்னைப் பெரிய செல்வாக்கு உள்ளவராக, ஆகவே பெரிய தவறு செய்தவராகவும் சொல்லிக்கொண்டே வருவார். முடிவுக்கு வரும்போது, 'நீங்கள் வெறும் ஓவியர்தானே அப்பா' என்பது போல மகள் பேசுகிறாள். குற்றவாளி என்று சொல்வதை விட அதுதான் அவருக்கு உறைக்கிறது.

முதல் மூன்று நாவல்களும் ஒரே கதைதானே?

ஆமாம், அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார், ஒரே புத்தகத்தை மூன்று முறை எழுதினேன் என்று. வயதான ஒருவர் திரும்பிப் பார்க்கிறார், வாழ்ந்த வாழ்க்கை வீணோ என்ற சந்தேகத்தை மூடி மறைத்துக்கொண்டே பேசுகிறார். மூன்றாவது முறை முழுமையாக வந்தது. ஜப்பானைக் கழற்றிவிட்டு ஆங்கிலேயரை விட ஆங்கிலத்தனமான ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டதும், 'ஜப்பானிய நுட்பம்' என்று விமர்சகர்கள் சொல்லிக்கொண்டிருந்தது இஷிகுரோவின் சொந்தச் சரக்கு என்று தெரிந்துவிட்டது.

'தி அன்கன்சோல்ட்' வாங்கினேன், நூறு பக்கம் தாண்ட முடியவில்லை. என் மேல் தப்பா?

இல்லை. 1995-இல் வந்தபோதே பாதிப் பேர் திணறினார்கள். ஒரு பியானோ கலைஞர் பெயரில்லாத ஐரோப்பிய ஊருக்குக் கச்சேரிக்கு வருகிறார்; அப்புறம் 500 பக்கத்துக்கு மேல் கனவு மாதிரி நழுவிக்கொண்டே போகிறது. லிஃப்ட் மாடி ஏறும் நேரத்துக்குள் ஹோட்டல் சுமைக்காரர் பக்கம் பக்கமாகப் பேசுவார், பெட்டிகளைத் தரையில் வைக்கவே மாட்டேன் என்று. ஜேம்ஸ் வுட் என்ற விமர்சகர், மோசமான நாவலுக்கே புது வகை கண்டுபிடித்திருக்கிறது என்கிற அளவுக்கு எழுதினார். பதினோரு வருடம் கழித்து எழுத்தாளர்கள், விமர்சகர்களிடம் கால் நூற்றாண்டின் சிறந்த பிரிட்டிஷ், ஐரிஷ், காமன்வெல்த் நாவல் எது என்று அப்சர்வர் பத்திரிகை கேட்டபோது, இதே நாவல் மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டது. எனக்கு இரண்டாவது முயற்சியில்தான் முடிந்தது. கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

'வென் வீ வேர் ஆர்ஃபன்ஸ்' (2000)?

1930-களின் ஷாங்காய், காணாமல்போன பெற்றோரைத் தேடும் துப்பறிவாளர். இஷிகுரோவின் தாத்தா ஷாங்காயில் வேலை பார்த்தவர், அப்பா பிறந்ததும் அங்கேதான். முதல் பாதி அருமை. இரண்டாம் பாதி எனக்கு ஒட்டவில்லை.

'நெவர் லெட் மீ கோ' அறிவியல் புனைகதையா? (முடிச்சு அவிழும்)

குளோனிங் இருக்கிறது, ஆய்வகம் இல்லை. விண்கலம், வெள்ளை அங்கி, வில்லன் யாரும் இல்லை. 1990-களின் இங்கிலாந்து, மழை, பழைய கார், விடுதிப் பள்ளி. ஹெயில்ஷாம் என்ற அந்தப் பள்ளியில் வளரும் பிள்ளைகள் உறுப்புகளை எடுத்துக்கொள்வதற்காகவே உருவாக்கப்பட்டவர்கள். கேத்தி, டாமி, ரூத் என்ற மூன்று பேரின் நட்பும் பொறாமையும் காதலும்தான் கதை. 1990-களிலேயே இரண்டு முறை இந்தக் கதையை எடுத்து, பாதியில் வைத்துவிட்டார். விசித்திரமான மாணவர் கூட்டம் மட்டும் கையில் இருந்தது, அவர்களுக்கு என்ன விதி என்று தெரியவில்லை. டாலி என்ற ஆட்டுக்குட்டி பிறந்து குளோனிங் பேச்சாகிவிட்ட பிறகு மூன்றாவது முயற்சியில் வழி திறந்தது. புத்தகம் 2005-இல் வந்தது.

கவனிக்க வேண்டியது சொற்களை. உறுப்பைப் பறிப்பதற்கு இங்கே 'தானம்' என்று பெயர். சாவுக்கு 'நிறைவு'. நாம் 'தவறிட்டார்', 'காலமாயிட்டார்', 'சிவலோகப் பதவி அடைந்தார்' என்று சொல்வதில்லையா, அது துக்கத்துக்குப் போர்த்தும் துணி. ஹெயில்ஷாமில் அதே துணியைக் கொலைக்குப் போர்த்தியிருக்கிறார்கள். கேத்தி அந்தச் சொற்களை எந்தச் சுளிப்பும் இல்லாமல் பேசுவாள். பதினொரு வருடமாக நல்ல பராமரிப்பாளராக இருக்கிறேன், என் நோயாளிகள் அதிகம் கலங்குவதில்லை என்று முதல் பக்கத்திலேயே கொஞ்சம் பெருமைப்படுவாள். ஸ்டீவன்ஸின் தங்கை மாதிரி.

பதினொரு வயதில் கேத்தி தனியாக அறையில் கேசட் போட்டு, தலையணையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு மெல்ல ஆடுகிறாள். பாட்டு ஏதோ காதல் பாட்டு. அவளோ குழந்தை பிறக்காது என்று சொல்லப்பட்ட பெண்ணுக்கு அதிசயமாகக் குழந்தை பிறந்துவிட்டதாகக் கற்பனை செய்துகொள்கிறாள். கண்ணைத் திறந்தால், வாசலில் வெளியாளான ஒரு பெண்மணி நின்று தேம்பி அழுகிறார். ஏன் அழுதார் என்பதற்குக் கேத்தி ஒரு காரணம் நினைக்கிறாள். இருநூறு பக்கத்துக்குப் பிறகு அந்தப் பெண்மணி வேறொரு காரணம் சொல்கிறார்.

அவர்கள் ஏன் தப்பித்து ஓடவில்லை?

இதுதான் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி, கொஞ்சம் கோபமாகவும் கேட்கப்படுவது. வேலி இல்லை, காவலர் இல்லை, கார் ஓட்டத் தெரியும். ஓடியிருக்கலாமே?

கலகம் செய்யும் அடிமைகளின் கதையை எழுத விரும்பவில்லை என்று இஷிகுரோ பலமுறை விளக்கியிருக்கிறார். நமக்கும் ஆயுள் முடியும் என்று தெரியும். தெரிந்தும் நாம் ஓடுவதில்லை, வேலைக்குப் போகிறோம், யார் யாருக்கு முக்கியம் என்று சண்டை போடுகிறோம். அந்தக் காலத்தை முப்பது வருடமாகச் சுருக்கிக் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான். பேச்சின்போது நான் இன்னொன்றும் சொல்வேன்: அந்தப் பிள்ளைகள் கேட்பது விடுதலை அல்ல, தள்ளிவைப்பு. உண்மையாகக் காதலிப்பவர்களுக்கு மூன்று வருடம் தள்ளிப்போடுவார்களாம் என்ற வதந்தியை நம்பி மனு கொடுக்கப் போகிறார்கள். ஓடுவதற்கு ஓர் உலகம் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டுமே.

'தி பரீட் ஜயன்ட்' ஏன் இவ்வளவு சர்ச்சை?

2015-இல், முந்தைய நாவலுக்குப் பத்து வருடம் கழித்து, டிராகனும் அரக்கர்களும் உலவும், ஆர்தர் மன்னருக்குப் பிந்தைய பிரிட்டனை எழுதினார். வாசகர்கள் இதை ஃபேன்டஸி என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று ஒரு பேட்டியில் அவர் சொல்ல, அந்த வகையிலேயே மகத்தாக எழுதிய உர்சுலா லெ க்வின் கோபித்துக்கொண்டார். சண்டை அதோடு சரி.

கதை நன்றாகவே இருக்கும். ஊர் முழுக்க மறதி மூட்டம். அதில் ஒரு கிழவனும் கிழவியும், ஆக்ஸலும் பியாட்ரிஸும், எங்கோ இருக்கும் மகனைத் தேடி நடக்கிறார்கள். மூட்டம் விலகினால் பழைய காதல் நினைவுக்கு வரும். பழைய துரோகமும் வரும். பிரிட்டன்களும் சாக்ஸன்களும் பக்கத்துப் பக்கத்து ஊரில் நிம்மதியாக இருப்பதே மறதியால்தான். யூகோஸ்லாவியாவையும் ருவாண்டாவையும் மனதில் வைத்து யோசித்த கதை. இதன் ஆரம்பப் பக்கங்களை லோர்னா படித்துவிட்டு, இது சரிப்படாது, முதலிலிருந்து எழுது என்றாராம். எழுதினார்.

'கிளாரா அண்ட் தி சன்' குழந்தைகள் புத்தகமா?

கிட்டத்தட்ட அப்படித் தொடங்கிய யோசனைதான். கடைச் சன்னலில் நின்று தெருவைப் பார்க்கும் ஒரு செயற்கைத் தோழி, சூரிய ஒளிதான் அவளுக்குச் சாப்பாடு. தன் சிறுமியின் நோயைச் சூரியன் குணப்படுத்தும் என்று நம்பி, ஏறத்தாழ நேர்த்திக்கடன் மாதிரி ஒன்றைச் செய்கிறாள். இயந்திரம் சாமி கும்பிடும் கதை என்று சொன்னால் என் நண்பர்கள் உடனே வாங்கிவிடுகிறார்கள்.

நோபல் கிடைத்த நாளில் என்ன நடந்தது?

சமையலறை மேசையில் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தார். ஏஜென்ட் கூப்பிட்டுச் சொன்னதும் பொய்ச் செய்தி என்றுதான் நினைத்தார். லோர்னா முடிக்குச் சாயம் போட சலூனுக்குப் போயிருந்தார். உலகத்தோடு நமக்கு ஒட்டுறவு இருக்கிறது என்ற மாயைக்கு அடியில் இருக்கும் பாதாளத்தைக் காட்டியவர் என்ற பொருளில் ஸ்வீடிஷ் அகாடமி பாராட்டியது.

நாவல் தவிர வேறென்ன எழுதியிருக்கிறார்?

ஜாஸ் பாடகி ஸ்டேசி கென்ட்டுக்குப் பாட்டு எழுதியிருக்கிறார், ஆக பழைய ஆசை வீண்போகவில்லை. 'நாக்டர்ன்ஸ்' (2009) ஐந்து கதைகளும் இசைக்காரர்களைச் சுற்றியவை. 2022-இல் வந்த 'லிவிங்' படத்தின் திரைக்கதை அவருடையது. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'இகிரு' படத்தை 1950-களின் லண்டன் அரசு அலுவலகத்துக்கு மாற்றினார். சாகப்போகும் அதிகாரியாக நடிகர் பில் நை. திரைக்கதைக்கு ஆஸ்கார் பரிந்துரை கிடைத்தது.

என் ஆங்கிலம் சுமார்தான். படிக்க முடியுமா?

தாராளமாக. அகராதி தேவைப்படாத ஆங்கிலம். அதற்கு ஒரு காரணமும் உண்டு: தன் புத்தகம் வேறு மொழிகளுக்குப் போகும் என்பதை மனதில் வைத்தே எழுதுவதாக, ஆங்கிலத்துக்குள் மட்டும் வேலை செய்யும் சொல் விளையாட்டைத் தவிர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். சொல் புரியும். சொல்லாததுதான் கஷ்டம்.

'எ பேல் வியூ ஆஃப் ஹில்ஸ்' முடிவு எனக்குப் புரியவில்லை. (முழு முடிச்சும் அவிழும்)

இங்கிலாந்தில் தனியாக வாழும் எட்சுகோவின் மூத்த மகள் கெய்கோ தூக்குப் போட்டுச் செத்துவிட்டாள். இளைய மகள் நிக்கி ஊரிலிருந்து வந்து சில நாள் தங்கியிருக்கிறாள். எட்சுகோ, கெய்கோவைப் பற்றிப் பேசாமல், நாகசாகியில் முன்பு பழகிய சச்சிகோ என்ற பெண்ணைப் பற்றிச் சொல்கிறாள். அமெரிக்கன் ஒருவனை நம்பி நாட்டை விட்டுப் போகத் துடித்தவள், தன் சிறுமி மரிகோவின் பயத்தைக் காதில் போட்டுக்கொள்ளாதவள், மகள் கண்முன்னே பூனைக்குட்டிகளைத் தண்ணீரில் அமுக்கியவள். அந்தக் கோடையில் எட்சுகோ கர்ப்பமாக இருந்தாள், கெய்கோ இன்னும் பிறக்கவில்லை.

இரவில் பாலத்தருகே எட்சுகோ மரிகோவைச் சமாதானப்படுத்தும் இடத்தைத் திரும்பப் படியுங்கள். அங்கே பிடிக்கவில்லை என்றால் நாம் திரும்பி வந்துவிடலாம் என்கிறாள். வேறொருத்தியின் மகளிடம் 'நாம்' என்று ஏன் பேசுகிறாள்? சிறுமி அவள் கையைப் பார்த்து, அதை ஏன் பிடித்திருக்கிறாய் என்று பயத்தோடு கேட்கிறாள். ஒன்றுமில்லை, செருப்பில் சிக்கிக்கொண்டது என்று பதில். கயிறு.

சச்சிகோ என்று ஒருத்தி இருந்தாளா, எட்சுகோ தன் கதையைத்தான் அடுத்தவள் பெயரில் சொல்கிறாளா என்று வாதம் இன்னும் நடக்கிறது. எழுதிய மறுவருடமே அதை இன்னும் தெளிவாக வைத்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்குமோ என்னவோ, பின்னால் வந்த நாவல்களில் இவ்வளவு இருட்டு இல்லை.

ஊருக்குக் கிளம்பும் நிக்கி, நாகசாகி படம் ஏதாவது வேண்டும் என்கிறாள். எட்சுகோ பழைய காலண்டரிலிருந்து ஒரு துறைமுகக் காட்சியைத் தருகிறாள். அந்த மலைக்கு ஒருநாள் போனோம் என்கிறாள். சச்சிகோவோடும் மரிகோவோடும் போன அந்த நாளை நாம் ஏற்கெனவே படித்திருக்கிறோம். அன்று என்ன விசேஷம் என்று நிக்கி கேட்க, விசேஷம் ஒன்றுமில்லை, சும்மா நினைத்துக்கொண்டேன் என்கிறாள் எட்சுகோ. கெய்கோ அன்று சந்தோஷமாக இருந்தாள், கேபிள் காரில் போனோம்.